ஸ்லைடில் தெரியும் நெஞ்செரிச்சல்

எண்டோஸ்கோபி செய்யும்போது உணவுக்குழாயின் உட்சவ்விலிருந்து கிள்ளி எடுக்கப்படும் திசுத் துணுக்கு சில மில்லிமீட்டர் அகலமே இருக்கும். அதை பார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் கத்தியால் நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவி, ஹீமடாக்சிலின், ஈயோசின் என்ற இரு சாயங்களை ஏற்றி நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறார்கள். அமில எதுக்களிப்பு அந்தச் சவ்வில் என்ன செய்திருக்கிறது என்பது அப்போது தெரியவரும். அதில் அமிலம் நேரடியாகச் செய்தது எது, உடலின் நோய் எதிர்ப்புச் செல்கள் செய்தது எது என்று பிரித்துப் பார்ப்பது நோய்க்குறியியல் மருத்துவரின் வேலை. அமிலம் சவ்வை மேலிருந்து அரித்துப் புண்ணாக்குகிறது என்ற விளக்கம் நெடுங்காலம் மாறாமல் இருந்தது. அமிலமும் பித்தமும் பட்ட செல்கள் அனுப்பும் வேதிச்செய்தியைக் கேட்டு எதிர்ப்புச் செல்கள் அடியிலிருந்து மேலேறி வருகின்றன, புண்ணுக்கு அவையும் காரணம் என்ற விளக்கம் இப்போது வலுப்பெற்றுள்ளது. இந்த மாற்றத்தை உள்வாங்கிக்கொண்டால்தான் ஸ்லைடைச் சரியாகப் படிக்க முடியும்.

சவ்வின் அமைப்பு

பெரியவர்களின் உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அதன் உட்புறத்தைப் பல அடுக்குத் தட்டைச் செல்களாலான எபிதீலியம் மூடியிருக்கிறது. தோலின் அமைப்பை இது பெரிதும் ஒத்தது. ஆனால் தோலின் மேற்பரப்பில் உள்ள கெட்டியான கெரட்டின் படலம் இதில் இல்லை. அடிவரிசைச் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. புதிய செல்கள் மேலே ஏற ஏறத் தட்டையாகி, முடிவில் உதிர்ந்துவிடுகின்றன. எபிதீலியத்தின் அடியில் லாமினா ப்ராப்ரியா என்ற தளர்வான இணைப்புத்திசு உண்டு. அதிலிருந்து பாப்பில்லா எனப்படும் சிறு முளைகள், நடுவில் நுண்ணிய இரத்தக்குழாயைத் தாங்கி, எபிதீலியத்துக்குள் நீள்கின்றன. லாமினா ப்ராப்ரியாவுக்குக் கீழே மெல்லிய தசைப் படலமும், அதற்கும் கீழே சப்மியூக்கோசா என்ற அடுக்கும் உள்ளன. இரத்தக்குழாய்களும் நிணநாளங்களும் சளிச் சுரப்பிகளும் சப்மியூக்கோசாவில் இருக்கின்றன.

இரைப்பையில் சுரக்கும் அமிலத்தின் பிஎச் அளவு 1 முதல் 2 வரை இருக்கும். இரைப்பை தன் மீது கெட்டியான சளிப் போர்வையையும் பைகார்பனேட்டையும் போர்த்திக்கொண்டு அந்த அமிலத்தைத் தாங்குகிறது. உணவுக்குழாய்க்கு அப்படிப்பட்ட போர்வை இல்லை. அதன் கீழ்முனையில் உள்ள சுருக்குத்தசையும் அதைச் சுற்றிய உதரவிதானத் தசையும் அமிலம் மேலே வராமல் தடுக்கின்றன. தப்பி வந்த அமிலத்தைக் குழாயின் அலைபோன்ற அசைவு கீழே தள்ளுகிறது. எச்சிலில் உள்ள பைகார்பனேட் மிச்சத்தைச் சமன்படுத்துகிறது. இவற்றையும் மீறி அமிலம் தங்கினால், எபிதீலியச் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் புரத இணைப்புகளே கடைசித் தடுப்பு.

இயல்பாகக் குடியிருக்கும் செல்கள்

நோயில்லாத உணவுக்குழாயிலும் எதிர்ப்புச் செல்கள் உண்டு. ஸ்லைடு படிக்கக் கற்பவர் முதலில் பழக வேண்டியது இந்த இயல்பு நிலையைத்தான். எபிதீலியச் செல்களுக்கு நடுவே ஆங்காங்கே லிம்போசைட்டுகள் இருக்கும். குறுகிய இடைவெளிகளில் நுழைந்து செல்வதால் அவற்றின் உட்கரு நெளிந்தும் வளைந்தும் தெரியும். பழகாத கண் இதை உடைந்த நியூட்ரோபில் என்று எண்ணிவிடக்கூடும். இவற்றில் பெரும்பாலானவை சிடி8 வகை டி செல்கள். அடியிலுள்ள லாமினா ப்ராப்ரியாவில் சிடி4 வகை டி செல்களும் பிளாஸ்மா செல்களும் மேக்ரோஃபேஜ்களும் காணப்படும்.

எபிதீலியத்துக்குள் கிளை பரப்பி நிற்பவை லாங்கர்ஹான்ஸ் செல்கள். பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் 1868-இல் தோலில் இவற்றைக் கண்டு விவரித்தார். கிளைகளைப் பார்த்து நரம்புச் செல் என்றே அவர் கருதினார். அந்நியப் பொருளைப் பிடித்து டி செல்லுக்குக் காட்டிக்கொடுப்பதே இவற்றின் வேலை என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. சாதாரணச் சாயத்தில் இவை எளிதில் புலப்படுவதில்லை. சிடி1ஏ என்ற அடையாளப் புரதத்துக்கான சிறப்புச் சாயம் தேவை. மாஸ்ட் செல்களைப் பார்க்க டிரிப்டேஸ் சாயம் உதவும்.

எதிர்ப்புச் செல்களில் ஈசினோபில் மட்டும் விதிவிலக்கு. இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெருங்குடலிலும் அது இயல்பாகவே உண்டு. ஆரோக்கியமான உணவுக்குழாயின் எபிதீலியத்தில் அது இருப்பதில்லை. ஆகவே அங்கே ஓர் ஈசினோபில் தென்பட்டாலும் அதற்குக் காரணம் தேட வேண்டும்.

மேலிருந்து கீழ் என்ற விளக்கம்

எதுக்களித்து வரும் இரைப்பை நீரால் உணவுக்குழாய் அழற்சி உண்டாவதை 1935-இல் நியூயார்க்கின் ஆஷர் விங்கெல்ஸ்டைன் தனி நோயாக விவரித்தார். அமிலமும் பெப்சினும் மேற்பரப்புச் செல்களைக் கொல்கின்றன. செத்தவற்றை ஈடுசெய்ய அடிவரிசைச் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. புண் ஆழமாகும்போது நியூட்ரோபில்கள் வந்து சேர்கின்றன. பாடநூல்கள் சொன்ன வரிசை இதுதான்.

ஸ்லைடில் இதற்கான அளவுகோலை 1970-இல் இஸ்மாயில்-பெய்கியும் சார்லஸ் போப்பும் அவர்களது குழுவினரும் வகுத்தனர். அடிவரிசை அடுக்கு எபிதீலியத்தின் மொத்தக் கனத்தில் 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தாலோ, பாப்பில்லாக்கள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உயர்ந்திருந்தாலோ அது எதுக்களிப்பின் அடையாளம் என்றனர். இந்த இரு அளவுகளும் இன்றும் ஸ்லைடு படிப்பவர்களின் மேசையில் புழங்குகின்றன.

பழைய விளக்கம் பதில் சொல்லாத ஒரு கேள்வி நெடுநாள் இருந்தது. மேற்பரப்பு சிதையாமல் முழுதாக இருக்கும் இடங்களிலும் அடிவரிசை தடித்திருப்பது அன்றாடம் காணக்கூடிய காட்சி. மேலே செல்கள் சாகாதபோது கீழே எதை ஈடுசெய்ய அவை பெருகுகின்றன? அமிலச் சேதமே முதற்காரணம் என்றால் சிதைவு முதலிலும் பெருக்கம் பிறகும் தெரிய வேண்டும். ஸ்லைடுகள் பல சமயம் நேர்மாறான வரிசையைக் காட்டின.

கீழிருந்து மேல் என்ற சான்று

ரோண்டா சூசா, ஸ்டூவர்ட் ஸ்பெக்லர் ஆகியோரின் குழு டல்லாஸில் இதைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டது. எலிகளின் உணவுக்குழாயை அறுவை செய்து நேராக முன்சிறுகுடலுடன் இணைத்தார்கள். இரைப்பை நீரும் பித்தமும் தடையின்றி மேலே வந்தன. மூன்றாம் நாளிலேயே மாற்றம் தொடங்கியது. ஆனால் அது தொடங்கிய இடம் மேற்பரப்பு அன்று. ஆழத்தில் உள்ள சப்மியூக்கோசாவில் முதலில் லிம்போசைட்டுகள் குவிந்தன. அடுத்தடுத்த நாட்களில் அவை லாமினா ப்ராப்ரியாவுக்கும் எபிதீலியத்துக்கும் ஏறின. அடிவரிசைப் பெருக்கமும் பாப்பில்லா நீட்சியும் அதையொட்டி வந்தன. மேற்பரப்பில் அரிப்புப் புண் தெரிந்தது நான்காம் வாரத்தில்தான். எரித்து அழிப்பது மட்டுமே அமிலத்தின் வேலையாக இருந்திருந்தால் அத்தனை வாரங்கள் ஆகியிருக்காது.

அதே குழு மனித உணவுக்குழாய்ச் செல்களை வளர்ப்புத் தட்டில் வைத்து அமிலம் கலந்த பித்த உப்புகளுக்கு உட்படுத்தியது. செல்கள் சாகும் முன்பே இன்டர்லூக்கின்-8, இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற சைட்டோகைன்களைச் சுரந்தன. எதிர்ப்புச் செல்களை அழைக்கும் வேதிச்செய்திகள் இவை.

மனிதர்களிடம் இதைச் சோதிப்பது எளிதன்று. நோயின் தொடக்க நாள் யாருக்கும் தெரியாது. மருத்துவரிடம் வரும்போது நோய் முற்றியிருக்கும். இதற்கு ஒரு வழி கண்டார்கள். கடுமையான உணவுக்குழாய் அழற்சி இருந்து, புரோட்டான் பம்ப் தடுப்பான் மாத்திரையால் குணமான 12 பேர் தாமாக ஒப்புக்கொண்டு இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தினார்கள். நிறுத்துமுன்பும், ஒரு வாரத்திலும், இரண்டு வாரத்திலும் எண்டோஸ்கோபி செய்து திசு எடுக்கப்பட்டது. கெர்ரி டன்பார் முதலாசிரியராக இருந்த இந்த ஆய்வு 2016-இல் வெளியானது. இரண்டு வாரத்தில் 12 பேருக்கும் அழற்சி திரும்பியது. புண் இல்லாத பகுதிகளில் எடுத்த துணுக்குகளில் டி லிம்போசைட்டுகள் கூடியிருந்தன. நியூட்ரோபில்களும் ஈசினோபில்களும் மிகக் குறைவு அல்லது இல்லை. மேற்பரப்பு சிதையாத அதே இடங்களில் அடிவரிசை தடித்திருந்தது, செல்களின் இடைவெளி விரிந்திருந்தது. அமிலத்தால் வெந்த திசுவில் இந்தக் காட்சி வர வாய்ப்பில்லை.

அடுத்த ஆண்டில் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி சேர்ந்தது. எச்ஐஎஃப்-2 ஆல்ஃபா என்ற புரதம் சாதாரண வேளையில் செல்லுக்குள் உண்டான உடனேயே சிதைக்கப்பட்டுவிடும். அமிலமும் பித்த உப்பும் படும்போது அது சிதையாமல் தங்கி, அழற்சி மரபணுக்களைத் தூண்டி சைட்டோகைன் சுரப்பைக் கூட்டுகிறது. அந்தப் புரதத்தை வளர்ப்புத் தட்டில் தடுத்தபோது சுரப்பு குறைந்தது.

இந்தச் சான்றுகளின் எல்லையையும் சொல்ல வேண்டும். 12 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. குணமான நோய் திரும்பும்போது நடப்பதைத்தான் அந்த ஆய்வு காட்டியது. பல ஆண்டு நீடிக்கும் எதுக்களிப்பில் அமிலத்தின் நேரடிச் சேதமும் சேர்ந்திருக்கலாம். மேலும், எண்டோஸ்கோபி இடுக்கி எபிதீலியத்தையும் லாமினா ப்ராப்ரியாவில் கொஞ்சத்தையும்தான் கிள்ளும். எலியில் அழற்சி முதலில் தொடங்கிய சப்மியூக்கோசா, அன்றாடப் பயாப்சியில் பெரும்பாலும் அகப்படுவதில்லை. மேசைக்கு வரும் துணுக்கு நோயின் மேல்பாதியை மட்டுமே காட்டுகிறது என்ற நினைவு ஸ்லைடு படிப்பவருக்கு எப்போதும் வேண்டும்.

புண் இல்லாத எரிச்சல்

நெஞ்செரிச்சலோடு வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு எண்டோஸ்கோபியில் புண் எதுவும் தெரிவதில்லை. ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அவர்களை அனுப்பிவிடுவது தவறு. ராய் ஓர்லாண்டோவும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1990-களில் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, புண் இல்லாத நோயாளிகளிடமும் எபிதீலியச் செல்களின் இடைவெளி விரிந்திருந்தது. அந்த வழியே அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே கசிந்து நரம்பு முனைகளைத் தொடுகின்றன. லண்டனில் பிலிப் வுட்லண்டும் டேனியல் சிஃப்ரிமும் செய்த ஆய்வுகளில், புண் இல்லாத எதுக்களிப்பு நோயாளிகளின் நரம்பு முனைகள் மற்றவர்களுக்கு இருப்பதைவிட மேற்பரப்புக்கு நெருக்கமாக இருப்பது தெரிந்தது. சவ்வு முழுதாகத் தெரிந்தாலும் அவர்களது வலி உண்மையானது. அதற்குத் திசுவிலேயே காரணம் இருக்கிறது.

செல் சொல்லும் குறிப்பு

ஸ்லைடில் எந்தச் செல், எந்த இடத்தில், எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்தே முடிவு சொல்ல வேண்டும்.

நியூட்ரோபில் கூட்டமாக இருந்தால் அரிப்போ புண்ணோ அருகில் உள்ளது என்று பொருள். அவை மேற்பரப்பு அடுக்கில் மட்டும் படர்ந்திருந்தால் எதுக்களிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் கேண்டிடா பூஞ்சையைத் தேட வேண்டும். பிஏஎஸ் சாயம் பூஞ்சை இழைகளை எடுத்துக்காட்டும். புண்ணின் விளிம்பில் உள்ள எபிதீலியச் செல்களில் ஹெர்பிஸ் வைரஸின் அடையாளத்தையும், புண்ணின் அடித்தளத்தில் சைட்டோமெகலோ வைரஸின் அடையாளத்தையும் பார்ப்பது வழக்கம். டாக்சிசைக்ளின், இரும்புச்சத்து, அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரைகள் தண்ணீர் போதாமல் குழாயில் ஒட்டிக்கொண்டாலும் இதே போன்ற புண் வரும். நோயாளி என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கோரிக்கைப் படிவத்தில் ஒரு வரி இருந்தால் பெரிய உதவி.

ஈசினோபில் வந்தால் கணக்கு எடுக்க வேண்டும். குழந்தைகளிடம் அது எதுக்களிப்பின் அடையாளம் என்று 1982-இல் ஹார்லண்ட் விண்டரின் குழு எழுதியது. 1990-களில் அட்வுட், ஸ்ட்ராமன், கெல்லி ஆகியோரின் தனித்தனி ஆய்வுகளால், ஈசினோபில் மிகுந்த இன்னொரு நோய், அதாவது ஈசினோபில் அழற்சி, இருப்பது தெளிவானது. உணவு தொண்டைக்குக் கீழே சிக்குதல், ஒவ்வாமை, எண்டோஸ்கோபியில் வளையங்களும் நீளவாட்டு வரிப்பள்ளங்களும் அதன் குறிகள். உயர் உருப்பெருக்கப் புலம் ஒன்றில் 15 ஈசினோபில்களோ அதற்கு மேலோ இருப்பது இன்றைய எல்லைக்கோடு. எதுக்களிப்பில் அவை பெரும்பாலும் குறைவாகவும் குழாயின் கீழ்ப்பகுதியிலும் இருக்கும்; ஈசினோபில் அழற்சியில் நடுப்பகுதியிலும் மேற்பகுதியிலும் கூட நிறைந்திருக்கும். அதனால் குறைந்தது இரண்டு மட்டங்களிலிருந்து ஆறு துணுக்குகளாவது எடுக்க வேண்டும்.

புரோட்டான் பம்ப் தடுப்பானால் குணமானால் எதுக்களிப்பு, ஆகாவிட்டால் ஈசினோபில் அழற்சி என்று ஒரு காலத்தில் பிரித்தார்கள். அந்த மருந்து அமிலத்தைக் குறைப்பதோடு, ஈசினோபிலை ஈர்க்கும் ஈயோடாக்ஸின்-3 சுரப்பையும் எபிதீலியச் செல்லிலேயே தடுக்கிறது என்பது பின்னர் தெரிந்தது. அதனால் 2018-இன் பன்னாட்டு ஒப்புதல் அந்தப் பிரிவினையைக் கைவிட்டது. மருந்து வேலை செய்தது என்பது நோய் இன்னது என்பதற்குச் சான்றாகாது. இத்துறை கற்ற மதிப்புமிக்க பாடங்களில் இது ஒன்று.

லிம்போசைட் மட்டும் மிகுந்து, மற்ற இரண்டும் இல்லாத நிலையை 2006-இல் ரூபியோவின் குழு லிம்போசைட் அழற்சி எனப் பெயரிட்டது. எதுக்களிப்பிலும், குழந்தைகளின் க்ரோன் நோயிலும், குழாயின் அசைவுக் கோளாறுகளிலும் இந்தக் காட்சி வரும். எனவே அறிக்கையில் அதை நோயின் பெயராக எழுதாமல், பார்த்த காட்சியாக எழுதுவதே நேர்மை.

துணுக்கு எடுப்பதும் வெட்டுவதும்

ஸ்லைடில் நேரும் பிழைகள் பல நுண்ணோக்கிக்கு வரும் முன்பே உண்டாகிவிடுகின்றன. உணவுக்குழாய் இரைப்பையைச் சந்திக்கும் கோட்டை ஒட்டிய இரண்டு மூன்று சென்டிமீட்டரில், நோயில்லாதவர்களுக்கும் அடிவரிசை சற்றுத் தடித்திருக்கும். அங்கே மட்டும் எடுத்த துணுக்கை வைத்து எதுக்களிப்பு என்று சொல்ல முடியாது. மெழுகில் பதிக்கும்போது துணுக்கு சாய்ந்துவிட்டால் வெட்டு சரிவாக விழும். இயல்பான அடிவரிசையும் அப்போது தடித்தது போலத் தோன்றும். துணுக்கை நிமிர்த்திப் பதிக்கும் ஆய்வக உதவியாளரின் கைத்திறன் இங்கே மருத்துவரின் படிப்புக்குச் சமமாக மதிக்கத்தக்கது.

தமிழ்நாட்டில் ‘கேஸ் மாத்திரை’ என்ற பெயரில் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் ஆகிய புரோட்டான் பம்ப் தடுப்பான்கள் எளிதில் புழங்குகின்றன. பல நாள் அதைச் சாப்பிட்டுவிட்டு எண்டோஸ்கோபிக்கு வருபவரின் சவ்வில் புண் ஆறியிருக்கும், லிம்போசைட்டும் ஈசினோபிலும் குறைந்திருக்கும். நோயைக் கண்டறிவதற்காகவே எண்டோஸ்கோபி செய்வதானால், மருத்துவர் சொன்னபடி இரண்டு முதல் நான்கு வாரம் மாத்திரையை நிறுத்தி வருவது நல்லது. தானாக நிறுத்தக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஸ்லைடு மட்டும் எதுக்களிப்பை உறுதிசெய்யாது. எண்டோஸ்கோபியில் தெரியும் அரிப்பை ஏ முதல் டி வரை தரம்பிரிக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் வகைப்பாடும், 24 மணி நேரத்தில் பிஎச் 4-க்குக் கீழே இருந்த நேரத்தின் சதவீதமும் முதன்மைச் சான்றுகள். அந்தச் சதவீதம் 6-க்கு மேல் இருந்தால் எதுக்களிப்பு உறுதி. 4-க்குக் கீழ் இருந்தால் இயல்பு. ஸ்லைடு இவற்றுக்குத் துணைச் சான்று. வேறு நோய்களை விலக்குவதே அதன் பெரிய பயன்.

சவ்வு மாறும்போது

நீண்டகால எதுக்களிப்பில் சிலருக்குத் தட்டைச் செல்களின் இடத்தில் தூண்வடிவச் செல்கள் வந்து அமர்கின்றன. லண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட்டின் பெயர் தாங்கிய இந்த மாற்றம், சிறு விகிதத்தினரிடம் புற்றுநோய்க்கு முன்னோடியாகிறது. எதிர்ப்புச் செல்களின் போக்கும் இங்கே மாறுகிறது. ரெபெக்கா ஃபிட்ஸ்ஜெரால்டின் குழு 2002-இல் காட்டியபடி, சாதாரண எதுக்களிப்பு அழற்சியில் டிஎச்1 வகை டி செல்களின் சைட்டோகைன்களும், பாரெட் சவ்வில் டிஎச்2 வகையும் மேலோங்கி நிற்கின்றன.

பாரெட் ஸ்லைடில் அழற்சி நிறைந்திருந்தால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். அழற்சியால் பெரிதாகிக் கருமையடைந்த செல் உட்கரு, புற்றுக்கு முந்தைய டிஸ்பிளேசியா போலவே தோன்றும். அப்போது துணிந்து ஒரு பக்கம் சாயாமல் ‘உறுதி சொல்ல இயலாத நிலை’ என்று எழுதி, அமிலத்தைக் கட்டுப்படுத்திய பிறகு மீண்டும் துணுக்கு கேட்க வேண்டும். டிஸ்பிளேசியா என்று எழுதுமுன் இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரின் கண்ணும் அந்த ஸ்லைடைப் பார்ப்பது கட்டாயம். அந்த ஒரு சொல்லைச் சார்ந்து ஒருவரின் உணவுக்குழாய்க்கு என்ன சிகிச்சை என்பது தீர்மானிக்கப்படும்.

சிகிச்சைக்கு இது தரும் பொருள்

எதிர்ப்புச் செல்களும் புண்ணாக்குகின்றன என்பதால் அவற்றை ஒடுக்கும் மருந்து எதுக்களிப்புக்குத் தேவை என்று ஆகாது. அமிலத்தைக் குறைத்தால் எபிதீலியச் செல் அனுப்பும் அழைப்பு நிற்கிறது. அழைப்பு நின்றால் லிம்போசைட்டுகள் விலகுகின்றன. 1988-இல் விற்பனைக்கு வந்த ஒமிபிரசோலும் அதன் வழிவந்த மருந்துகளும் இதைத்தான் செய்கின்றன. 2014-இல் ஜப்பானில் அனுமதி பெற்ற வோனோபிரசான் வேறொரு முறையில் அதே புரோட்டான் பம்பைத் தடுக்கிறது. மருந்து அமிலத்தை மட்டுமே குறைக்கிறது, எதுக்களிப்பை நிறுத்துவதில்லை. உடல் எடையைக் குறைப்பது, படுப்பதற்குச் சில மணி நேரம் முன்பே இரவு உணவை முடிப்பது, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவது, இடப்பக்கம் சரிந்து படுப்பது ஆகியவை எதுக்களிப்பையோ அமிலம் குழாயில் தங்கும் நேரத்தையோ குறைக்கின்றன. இவை போதாத சிலருக்கு, இரைப்பையின் மேற்பகுதியைக் குழாயைச் சுற்றி மடித்துத் தைக்கும் அறுவை பயன்தருகிறது.

விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடையிழப்பு, இரத்த வாந்தி, கறுத்த மலம் ஆகியவற்றில் எதுவும் இருந்தால் மாத்திரையோடு காலம் கடத்தாமல் எண்டோஸ்கோபிக்குச் செல்ல வேண்டும். அப்படி எடுக்கப்படும் துணுக்குக்கு நோய்க்குறியியல் மருத்துவர் எழுதும் அறிக்கையில் ஐந்து விவரங்கள் இருப்பது அவசியம்: துணுக்கு எந்த மட்டத்தில் எடுக்கப்பட்டது, அடிவரிசையும் பாப்பில்லாவும் எவ்வளவு உயர்ந்துள்ளன, எந்த எதிர்ப்புச் செல் எங்கே எத்தனை, பூஞ்சையோ வைரஸோ உண்டா இல்லையா, தூண்வடிவச் செல்லும் டிஸ்பிளேசியாவும் உண்டா இல்லையா. இந்த ஐந்தும் தெளிவாக எழுதப்பட்டிருந்தால், சிகிச்சை தரும் மருத்துவர் நோயாளியின் குறைகளோடும் பிஎச் அளவோடும் அவற்றைப் பொருத்திப் பார்த்துச் சரியான முடிவுக்கு வர முடியும்.